"கட்டணம் இல்லை" என்றால் இலவசமா? வெளிநாட்டு நாணயத்தைக் குறைந்த செலவில் மாற்றுவது எப்படி?

மாத இறுதியில் ரியாத்திலும் தோஹாவிலும் குவைத்திலும் சம்பளம் எடுக்கும் எமது சகோதரர்கள் முதலில் கேட்பது, "இண்டைக்கி ரேட் எவ்வளவு?" என்பதுதான். அடுத்ததாக, "அனுப்ப எவ்வளவு எடுப்பாங்க?" என்று கேட்பார்கள். இரண்டும் அவசியமான கேள்விகளே. ஆனால் இரண்டையும் தனித்தனியாகக் கேட்பவர் ஏமாற இடமுண்டு. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "நான் கொடுக்கும் இந்தத் தொகைக்கு, எல்லாம் கழித்து, எனது வீட்டாரின் கைக்கு எத்தனை ரூபா போய்ச் சேரும்?"

உம்ராவுக்குச் செல்பவரும் வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைக்குப் பணம் அனுப்புபவரும் விடுமுறையில் ஊருக்கு வரும்போது கையில் கொஞ்சம் திர்ஹம் கொண்டுவருபவரும் இதே கேள்வியை வேறு வடிவில் கேட்க வேண்டியவர்கள். நாணயம் மாற்றுவது ஒரு கொள்வனவு. அரிசி வாங்கும்போது இரண்டு கடையில் விலை கேட்கும் நாம், இலட்சக்கணக்கான ரூபாவை மாற்றும்போது முதலில் கண்ட கடையிலேயே மாற்றிவிடுகிறோம். அந்த அவசரத்தின் விலை எவ்வளவு, அதை எப்படிக் குறைப்பது என்பதே இக்கட்டுரை.

ஒரே நாணயத்துக்குப் பல விலைகள்

கையடக்கத் தொலைபேசியில் தேடும்போது வரும் டொலர் விலை, பெரிய வங்கிகள் தமக்கிடையே பரிமாறும் விலைகளின் நடுப்புள்ளியாகும். சாதாரண வாடிக்கையாளர் எவருக்கும் அந்த விலை பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆனால் அதுவே எமது அளவுகோல். ஒரு கடை அந்த நடுவிலையிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்கிறதோ, அவ்வளவும் அந்தக் கடையின் இலாபம்.

வங்கியின் பலகையில் இரண்டு நிரல்கள் இருக்கும். "வாங்கும் விலை" என்பது வங்கி எம்மிடமிருந்து டொலரை வாங்கும் விலை. "விற்கும் விலை" என்பது எமக்கு அது டொலரை விற்கும் விலை. வாங்கும் விலை எப்போதும் குறைவாகவும் விற்கும் விலை எப்போதும் கூடுதலாகவும் இருக்கும். வெளிநாட்டுப் பணத்தைக் கொடுத்து ரூபா எடுப்பவர் முதலாவதையும், ரூபா கொடுத்து வெளிநாட்டுப் பணம் எடுப்பவர் இரண்டாவதையும் பார்க்க வேண்டும்.

பலரும் கவனிக்காத இன்னொரு பிரிவும் உண்டு. நாணயத்தாள்களுக்கு ஒரு வீதம். கணக்கு வழியாக வரும் பணத்துக்கு இன்னொரு வீதம். பின்னையதை வங்கியில் "டி.டி. வீதம்" என்பார்கள். நாணயத்தாளை எண்ண வேண்டும், போலியா எனப் பார்க்க வேண்டும், பாதுகாக்க வேண்டும், மீண்டும் வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். இந்தச் செலவுகளால் தாளுக்கு வங்கி தரும் விலை பொதுவாகக் குறைவு. ஆகவே ஊருக்கு வரும்போது சேமிப்பு முழுவதையும் தாளாகச் சுமந்து வருவதைவிட, அங்கிருந்தே கணக்குக்கு அனுப்பிவிட்டு வருவது பெரும்பாலும் இலாபமானது, பாதுகாப்பானதும்கூட.

இலங்கை மத்திய வங்கி ஒவ்வொரு வேலை நாளிலும் டொலர் உள்ளிட்ட முக்கிய நாணயங்களின் வாங்கும், விற்கும் வீதங்களைத் தனது இணையதளத்தில் வெளியிடுகிறது. வர்த்தக வங்கிகளும் தமது வீதங்களைத் தத்தமது தளங்களில் இடுகின்றன. பணம் மாற்றப் புறப்படும் முன் இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்தவரை எந்தக் கருமபீடத்திலும் எளிதில் ஏமாற்ற முடியாது.

ரியாலின் நியாய விலையை நீங்களே கணிக்கலாம்

வளைகுடா நாணயங்களைக் கையாள்பவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. அவற்றுள் பெரும்பாலானவை அமெரிக்க டொலருடன் நிலையான வீதத்தில் கட்டப்பட்டவை. சவூதி ரியால் 1986 முதல் ஒரு டொலருக்கு 3.75. எமிரேட்ஸ் திர்ஹம் 1997 முதல் 3.6725. கட்டார் ரியால் 3.64. பஹ்ரைன் தினார் 0.376. ஓமான் ரியால் 0.3845. குவைத் தினார் மட்டும் 2007 முதல் பல நாணயங்களின் கூட்டொன்றுடன் இணைக்கப்பட்டிருப்பதால் சிறிது ஏறி இறங்கும்.

இதன் பயன் என்ன? இலங்கையில் டொலரின் நடுவிலை தெரிந்தால், ரியாலின் நியாய விலையை ஒரே வகுத்தலில் பெற்றுவிடலாம். கணக்குக்கு வசதியாக டொலர் 300 ரூபா என வைத்துக்கொள்வோம். அதை 3.75ஆல் வகுத்தால் சவூதி ரியாலின் நியாய விலை 80 ரூபா. 3.6725ஆல் வகுத்தால் திர்ஹம் சுமார் 81 ரூபா 69 சதம். 3.64ஆல் வகுத்தால் கட்டார் ரியால் சுமார் 82 ரூபா 42 சதம். ஓமான் ரியால் சுமார் 780 ரூபா. பஹ்ரைன் தினார் சுமார் 798 ரூபா.

"இன்று ரியால் நல்லா ஏறியிருக்கு" என்று கடைக்காரர் சொன்னால், டொலர் ஏறியிருக்கிறதா எனப் பாருங்கள். டொலர் அசையாமல் ரியால் மட்டும் தனியே ஏறவோ இறங்கவோ காரணமில்லை. அப்படி வித்தியாசம் தெரிந்தால் அது சந்தையின் மாற்றமல்ல, கடையின் இலாப அளவு மாறியிருக்கிறது என்பதே பொருள்.

"இலவசம்" எவ்வளவு செலவாகிறது?

இனி ஒரு கணக்கு. ரியாத்தில் வேலை செய்யும் ஒரு சாரதி மாதம் 1,500 ரியால் அனுப்புகிறார். நியாய விலை 80 ரூபா என்றால் அதன் முழுப் பெறுமதி 120,000 ரூபா. அவருக்கு மூன்று நிறுவனங்கள் தெரியும். கீழே உள்ள வீதங்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை.

முதலாவது நிறுவனம் "கட்டணம் இல்லை" என விளம்பரம் செய்கிறது. ஆனால் அது தரும் வீதம் 78 ரூபா 60 சதம். வீட்டுக்குச் சேர்வது 117,900 ரூபா.

இரண்டாவது நிறுவனம் 15 ரியால் கட்டணம் எடுக்கிறது. சவூதியில் கட்டணத்தின் மீது 15 சதவீத வற் வரி உண்டு. எனவே மொத்தம் 17.25 ரியால் கழிகிறது. வீதம் 79 ரூபா 70 சதம். மீதி 1,482.75 ரியாலுக்குச் சேர்வது சுமார் 118,175 ரூபா.

மூன்றாவது நிறுவனம் தங்குமிடத்துக்கு அருகில் இருக்கிறது, பழக்கமானது. 25 ரியால் கட்டணம், வரியுடன் 28.75. வீதம் 77 ரூபா 80 சதம். சேர்வது சுமார் 114,463 ரூபா.

இலவசம் என்று சொன்ன முதலாவது நிறுவனம், கட்டணம் எடுத்த இரண்டாவதைவிட 275 ரூபா குறைவாகவே தந்தது. பழக்கத்துக்காக மூன்றாவதுக்குச் சென்றவர் இரண்டாவதோடு ஒப்பிடும்போது மாதம் 3,700 ரூபாவுக்கு மேல் இழக்கிறார். வருடத்தில் அது 44,000 ரூபாவைத் தாண்டுகிறது. ஒரு பிள்ளையின் புத்தகம், சீருடை, சப்பாத்து, வகுப்புக் கட்டணத்துக்கு உதவக்கூடிய பணம் அது. யாரும் களவெடுக்கவில்லை. கேட்காததால் போன பணம்.

இதே கணக்கில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அனுப்பும் தொகை 500 ரியால் மட்டும் என்றால் நிலைமை தலைகீழாகிவிடும். முதலாவது நிறுவனம் 39,300 ரூபா தரும். இரண்டாவது சுமார் 38,475 ரூபாதான் தரும். மேலேயுள்ள வீதங்களின்படி ஏறத்தாழ 1,250 ரியாலுக்குக் கீழே கட்டணமில்லாத நிறுவனம் இலாபம், அதற்கு மேலே நல்ல வீதம் தரும் நிறுவனம் இலாபம். சிறிய தொகையில் கட்டணம் கடிக்கும். பெரிய தொகையில் வீதம் கடிக்கும். எனவே "எது மலிவு?" என்ற கேள்விக்கு, "எவ்வளவு அனுப்புகிறீர்கள்?" என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

மாதத்தில் மூன்று தடவை 500 ரியால் வீதம் இரண்டாவது நிறுவனத்தில் அனுப்புபவர், ஒரே தடவையில் 1,500 அனுப்புபவரைவிட சுமார் 2,750 ரூபா இழக்கிறார். வீட்டுச் செலவுக்கு வாரா வாரம் அனுப்ப வேண்டிய தேவை இருந்தால், மொத்தமாக அனுப்பிவிட்டு, எடுத்துச் செலவழிக்கும் ஒழுங்கை வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது.

எந்த வழியில் அனுப்புவது?

வளைகுடாவிலிருந்து அனுப்புபவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, எக்ஸ்சேஞ்ச் எனப்படும் நாணயமாற்று நிறுவனங்கள். இரண்டு, சம்பளம் வரும் வங்கியின் அல்லது பணப்பை நிறுவனத்தின் செயலி. மூன்று, வங்கியிலிருந்து வங்கிக்கு சுவிஃப்ட் முறையில் அனுப்புவது.

முதல் இரண்டுக்கும் இடையே இன்று போட்டி கடுமையாக இருக்கிறது. அதுவே எமக்குச் சாதகம். ஒரே நாளில், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று செயலிகளில் ஒரே தொகையை இட்டு, "பெறுபவருக்குக் கிடைக்கும் தொகை" என்ற இடத்தை மட்டும் ஒப்பிடுங்கள். கடைசிப் பொத்தானை அழுத்தும்வரை பணம் போகாது. காலையில் பார்த்த வீதத்தையும் மாலையில் பார்த்த வீதத்தையும் ஒப்பிடுவது பிழையான முடிவுக்கே கொண்டுசெல்லும். முதல் தடவை அனுப்புபவருக்கு மட்டும் சலுகை வீதம் தரும் செயலிகளும் உண்டு. இரண்டாவது மாதம் மீண்டும் ஒப்பிட்டுப் பார்க்காதவர் அந்தச் சலுகையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

சுவிஃப்ட் முறை பெரிய தொகைக்குப் பொருத்தமானது. ஆனால் வழியிலுள்ள இடைநிலை வங்கியும் ஒரு கட்டணத்தைக் கழிக்கலாம். பெறும் வங்கியும் கழிக்கலாம். அனுப்பும்போதே, செலவு முழுவதையும் அனுப்புபவர் ஏற்பதா, பகிர்ந்துகொள்வதா, பெறுபவரிடம் கழிப்பதா என்று கேட்பார்கள். விளங்காமல் கையெழுத்து வைத்தால், ஊரில் குறைவாக வந்த தொகைக்கு ஊர் வங்கியில் சண்டை பிடிப்பதில் பயனில்லை.

பிரித்தானியா, ஐரோப்பா, அவுஸ்திரேலியாவிலிருந்து அனுப்புபவர்களுக்கு, நடுவிலையிலேயே மாற்றி, கட்டணத்தைத் தனியாகக் காட்டும் வைஸ் போன்ற சேவைகளும் உண்டு. அங்கு மறைந்திருக்கும் இலாபம் இல்லை. ஆனாலும் கடைசித் தொகையை ஏனையவற்றோடு ஒப்பிட்டே தீர்மானிக்க வேண்டும்.

உலக வங்கி, நாட்டுக்கு நாடு பணம் அனுப்பும் செலவை ஒப்பிடும் இணையதளமொன்றை நடத்துகிறது. அங்கு கட்டணத்தையும் வீதத்தில் மறைந்த இலாபத்தையும் கூட்டியே செலவு கணிக்கப்படுகிறது. தொழிலாளர் பணம் அனுப்பும் செலவை 2030க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது ஐக்கிய நாடுகளின் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளுள் ஒன்று. மேலே பார்த்த மூன்றாவது நிறுவனத்தில் செலவு 4.6 சதவீதம், இரண்டாவதில் 1.5 சதவீதம். எனவே உலகம் 2030இல் அடைய நினைப்பதை, சரியான நிறுவனத்தைத் தெரிவுசெய்யும் தொழிலாளி இந்த மாதமே அடைந்துவிடலாம்.

உம்ரா, ஹஜ் பயணிகளுக்கு

இவர்களின் திசை எதிரானது. ரூபாவைக் கொடுத்து ரியால் வாங்க வேண்டும். எனவே பலகையில் விற்கும் விலையைப் பார்க்க வேண்டும்.

கொழும்பில் ரியாலாகவே வாங்குவதா, டொலராக வாங்கிச் சென்று மக்காவில் மாற்றுவதா என்பது பலரின் கேள்வி. இரண்டு தடவை மாற்றினால் இரண்டு தடவை நட்டம் என்பது பொதுவிதி. ஆனால் ரியால் டொலருடன் கட்டப்பட்டிருப்பதால் அங்குள்ள மாற்று நிலையங்கள் டொலருக்கு 3.75க்கு மிக நெருக்கமாகவே தரும். எனவே கணக்குப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். கொழும்பில் டொலர் விற்கும் விலை 303 ரூபா, மக்காவில் டொலருக்கு 3.73 ரியால் கிடைக்கும் என வைப்போம். 303ஐ 3.73ஆல் வகுத்தால் ஒரு ரியால் 81 ரூபா 23 சதத்துக்கு அடங்குகிறது. கொழும்பில் ரியால் நேரடியாக 81 ரூபா 50 சதம் என்றால் டொலர் வழி சிறிது மலிவு. 3,000 ரியாலுக்கு மிச்சம் 810 ரூபா. அதே கடையில் ரியால் 81 ரூபாவுக்குக் கிடைத்தால் நேரடி வழியே மலிவு. வகுத்தலைச் செய்ய அரை நிமிடம் போதும்.

டொலர் கொண்டுசெல்வதாயின் 100 டொலர் தாள்களாக, புதியனவாக, கிழியாமல், எழுத்தோ முத்திரையோ இல்லாமல் வாங்குங்கள். சிறிய தாள்களுக்கும் பழைய தாள்களுக்கும் பல இடங்களில் விலை குறைப்பார்கள், சில இடங்களில் வாங்கவே மாட்டார்கள்.

தேவைக்கு அதிகமாக ரியால் வாங்கி, மிஞ்சியதைத் திரும்பி வந்து விற்பதும் செலவுதான். விற்கும் விலை 81 ரூபா 50 சதம், வாங்கும் விலை 78 ரூபா என்றால், மிஞ்சிய 500 ரியாலில் 1,750 ரூபா ஒன்றுக்கும் உதவாமல் போகிறது. நாணயக் குற்றிகளைப் பொதுவாக எங்கும் மாற்ற முடியாது. அவற்றை அங்கேயே செலவழித்துவிட வேண்டும்.

அட்டை பாவிப்பவர்கள் ஒரு விடயத்தில் மிகக் கவனமாக இருக்க வேண்டும. மக்காவிலோ மதீனாவிலோ கடையில் அட்டையைக் கொடுத்தால், சில இயந்திரங்கள் "ரியாலிலா, இலங்கை ரூபாவிலா?" என்று கேட்கும். எமது நாட்டு ரூபா தெரிவது மனதுக்கு இதமாக இருக்கும். ஆனால் ரூபாவைத் தெரிவுசெய்தால் மாற்று வீதத்தைத் தீர்மானிப்பது அந்த இயந்திரத்துக்குப் பின்னாலுள்ள நிறுவனம். அது வழக்கமாக எமக்கு நட்டமான வீதம். எப்போதும் ரியாலையே தெரிவுசெய்யுங்கள். ஏ.டி.எம். இயந்திரத்திலும் இதே விதி.

அட்டையின் செலவு அதோடு முடிவதில்லை. வெளிநாட்டுக் கொடுக்கல் வாங்கலுக்கு எமது வங்கி ஒரு சதவீதம் சேர்க்கும். கடனட்டை என்றால் முத்திரைத் தீர்வையும் சேரும். ஏ.டி.எம்.மில் ஒவ்வொரு தடவைக்கும் நிலையான கட்டணம் உண்டு என்பதால், பத்துத் தடவை 100 ரியால் எடுப்பது ஒரு தடவை 1,000 ரியால் எடுப்பதைவிட மிகவும் செலவானது. கடனட்டையில் காசாக எடுத்தால் தனிக் கட்டணத்துடன் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். வணக்கத்துக்குச் சென்ற இடத்தில் வட்டியில் சிக்காமலிருக்க, புறப்படும் முன் வங்கியிடம் இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

முகவர்களிடம் பணம் கட்டும்போதும் ஒரு மாற்று நடக்கிறது. பொதியின் விலை டொலரிலோ ரியாலிலோ சொல்லப்பட்டு, ரூபாவில் அறவிடப்பட்டால், எந்தத் திகதியின், எந்த வீதத்தில் மாற்றுகிறார்கள் என்று கேட்க வேண்டும். டொலருக்கு ஐந்து ரூபா கூடக் கணக்கிட்டால், 1,500 டொலர் பொதியில் 7,500 ரூபா. வீதத்தைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரும் முகவரே நம்பிக்கையானவர்.

கையிலுள்ள பணத்தை ஊரில் மாற்றும்போது

கட்டுநாயக்க விமான நிலையத்தின் வருகைப் பகுதியில் வங்கிகளின் கருமபீடங்கள் அருகருகே உள்ளன. அவசரம் இல்லாவிட்டால் பலகைகளைப் பார்த்துக்கொண்டு ஒரு சுற்று நடந்துவிட்டு முடிவெடுங்கள். வாகனத்துக்கும் சாப்பாட்டுக்கும் வேண்டியதை மட்டும் அங்கு மாற்றி, மிகுதியை ஆறுதலாக நகரத்தில் மாற்றலாம்.

கொழும்பு கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் உள்ள அனுமதி பெற்ற நாணயமாற்று நிலையங்கள் நாணயத்தாளுக்கு வங்கியைவிட நல்ல விலை தருவதுண்டு. பெரிய தொகை என்றால் பேரம் பேசலாம். பலகையிலுள்ளது தொடக்க விலை மட்டுமே. ஆனால் மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் கண்ணில் படும்படி தொங்குகிறதா எனப் பாருங்கள். அனுமதி பெற்றவர்களின் பட்டியல் மத்திய வங்கியின் இணையதளத்தில் உண்டு. பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பணத்தைக் கருமபீடத்தை விட்டு விலகுமுன் எண்ணுங்கள். வாசலில் நின்று "கூடத் தாரேன்" என்று கூப்பிடுபவரிடம் போக வேண்டாம். போலித் தாளும் குறைந்த எண்ணிக்கையும் அங்குதான் கைமாறுகின்றன.

பெருந்தொகை வெளிநாட்டு நாணயத்துடன் வருபவர்கள் விமான நிலையத்தில் சுங்கத்துக்கு வெளிப்படுத்த வேண்டும். அதற்கான வரம்பும், கையில் வைத்திருக்கக்கூடிய தொகையின் வரம்பும் காலத்துக்குக் காலம் மாற்றப்படுவதால், புறப்படும் முன் சுங்கத் திணைக்களத்தினதும் மத்திய வங்கியினதும் இணையதளங்களைப் பார்த்துக்கொள்வது அவசியம். உடனடியாக ரூபா தேவையில்லாதவர்கள், வங்கியில் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கொன்றைத் திறந்து டொலராகவே வைப்பிலிடலாம். தேவைப்படும்போது தேவையான அளவு மாற்றிக்கொள்ளலாம்.

உண்டியல்: உண்மையான விலை என்ன?

இந்தத் தலைப்பைத் தவிர்த்துவிட்டு நாணயமாற்றைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. எமது ஊர்களில் பலர் உண்டியலில் அனுப்புகிறார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும். வீதம் கூட, கட்டணம் இல்லை, பணம் வீட்டு வாசலுக்கே வருகிறது.

2021இன் பிற்பகுதியில் இந்த வித்தியாசம் உச்சத்துக்குச் சென்றது. வங்கிகளில் டொலர் 203 ரூபாவுக்குள் கட்டிவைக்கப்பட்டிருந்தது. வெளிச் சந்தையில் அதைவிட மிகக் கூடுதலாகப் போனது. இலங்கையருக்கு வெளிநாட்டிலிருந்து முறையான வழியில் வந்த பணம் 2020இல் 7.1 பில்லியன் டொலர். 2021இல் அது சுமார் 5.5 பில்லியனாகவும் 2022இல் சுமார் 3.8 பில்லியனாகவும் விழுந்தது. அந்தக் காலத்தில் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் நாம் நின்ற வரிசைகளை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2022 மார்ச்சில் வீதம் தளர்த்தப்பட்டதும் டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது.

அந்த வீழ்ச்சிக்குத் தொழிலாளியை மட்டும் குற்றம் சொல்வது நியாயமல்ல. பாலைவன வெயிலில் உழைத்தவனின் டொலருக்கு உண்மையான விலையைக் கொடுக்க மறுத்தது கொள்கை வகுத்தவர்களே. விலை திருத்தப்பட்டதும் பணம் தானாகத் திரும்பியது. 2023இல் சுமார் 6 பில்லியன், 2024இல் சுமார் 6.6 பில்லியன் டொலர் முறையான வழியில் வந்தது.

ஆனால் அன்றைய காரணம் இன்று பெருமளவு இல்லை. சந்தை வீதத்துக்கும் வங்கி வீதத்துக்கும் இடையிலான இடைவெளி சுருங்கிவிட்டது. மிஞ்சியிருக்கும் ஓரிரு ரூபாவுக்கு எதைக் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

முதலாவது, பற்றுச்சீட்டு இல்லை. பணம் வராவிட்டால் யாரிடமும் முறையிட முடியாது. இரண்டாவது, வீட்டாரின் கணக்கில் முன்பின் தெரியாத ஒருவர் வைப்பிலிடும் ரூபா எங்கிருந்து வந்தது என்று எமக்குத் தெரியாது. அது போதைப்பொருள் பணமாகவோ மோசடிப் பணமாகவோ இருந்தால், விசாரணை தொடங்கும்போது முடக்கப்படுவது உம்மாவின் கணக்கு. விசாரணைக்கு அழைக்கப்படுவது தம்பி. 2006இல் கொண்டுவரப்பட்ட பணம் தூயதாக்கல் தடைச் சட்டத்தின் கீழ் "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்புவது இலகுவல்ல. மூன்றாவது, 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின்படி இந்தத் தொழிலை அனுமதி பெற்றவர்களே செய்யலாம். வளைகுடா நாடுகளிலும் அனுமதியின்றிப் பணம் கடத்துவது குற்றம். பிடிபட்டால் போவது ஓரிரு ரூபா அல்ல, தொழிலும் விசாவும். நான்காவது, முறையான வழியில் வந்த பணத்துக்கு ஆவணம் இருக்கிறது. நாளை காணி வாங்கும்போதோ வீட்டுக்கு நிதி வசதி கேட்கும்போதோ "இந்தப் பணம் எப்படி வந்தது?" என்ற கேள்விக்கு அந்த ஆவணமே பதில்.

இந்த நான்கையும் விலையில் சேர்த்தால், உண்டியல் மலிவான வழி அல்ல. செலவு பின்னால் வரும் வழி.

மார்க்கம் சொல்லும் ஒரு நிபந்தனை

வெவ்வேறு நாணயங்களை இரு தரப்பும் உடன்படும் எந்த வீதத்திலும் மாற்றலாம். ஆனால் இரு பக்கமும் அதே அமர்வில் கைமாற வேண்டும் என்பது நாணயமாற்றுக்கான இஸ்லாமியச் சட்டத்தின் அடிப்படை. இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான ஆயோஃபி அமைப்பின் முதலாவது ஷரீஅத் நியமமே நாணய வியாபாரம் பற்றியதுதான். "இப்ப ரியாலைத் தாங்க, அடுத்த மாதம் ரூபா தாரேன்" என்று நண்பர்களுக்கிடையே செய்துகொள்ளும் மாற்று, மலிவாகத் தோன்றினாலும் இந்த நிபந்தனைக்குள் வராது. வங்கியில் கணக்கில் வரவு வைப்பது கைமாறியதாகவே கருதப்படுகிறது. சந்தேகமுள்ளவர்கள் தமது ஊர் ஆலிமிடம் விளக்கம் பெறலாம்.

புறப்படும் முன் ஐந்து கேள்விகள்

1. இன்று டொலரின் நடுவிலை என்ன? அதன்படி எனது நாணயத்தின் நியாய விலை என்ன?

2. நான் கொடுக்கும் தொகைக்கு, கட்டணமும் வரியும் கழித்து, கடைசியில் கிடைக்கும் தொகை எவ்வளவு?

3. இதே நேரத்தில் வேறு இரண்டு இடங்களில் அந்தத் தொகை எவ்வளவு?

4. ஒரே தடவையில் மாற்றினால் செலவு குறையுமா?

5. அனுமதிப்பத்திரமும் பற்றுச்சீட்டும் உண்டா?

இந்தக் கேள்விகளை வீட்டுப் பணிப்பெண்ணாக வேலை செய்யும் சகோதரிகளுக்கு எடுத்துச் சொல்வது மிக அவசியம். வெளியே செல்ல அனுமதியில்லாமல், வேறொருவரின் கையில் சம்பளத்தைக் கொடுத்து அனுப்பச் சொல்பவர்கள் அவர்கள்தான். எந்த வீதத்தில், எந்த நிறுவனத்தில் அனுப்பப்பட்டது என்பதைப் பற்றுச்சீட்டின் படத்தோடு கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஊரிலுள்ள வீட்டாரும் கைக்கு வந்த தொகையை அன்றே அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அப்போதுதான் இடையில் குறைந்தது எவ்வளவு, குறைத்தது யார் என்பது தெரியும்.